பன்னிரண்டு மணிக்குத் திரும்பிப்போன மொய்

அன்று மொய் மேசையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: விருந்து வைத்த அண்ணன், அவர் மனைவி, பணம் எண்ண வந்த அவருடைய மாமன்மார் இருவர், பெயரையும் தொகையையும் ஊருக்கொரு கோப்பாகக் கணினியில் ஏற்றி ரசீது கொடுக்கக் கூலிக்கு வந்த நான். ஆலங்குடிப் பக்கம் ஆடி மாதம். ஐந்து வருடம் ஊரெல்லாம் மொய் செய்தவர், தன் முறை வந்து கறிச்சோறு போட்டிருந்தார். வாங்குகிற பணத்தைக் கொடுத்தவர்களின் விருந்தில் அவர் கூட்டித் திருப்பிச் செய்யவேண்டும். அதற்கு என் பட்டியல்தான் ஆதாரம்.

எனக்கு எதற்கும் பயம். அதனால் அரைமணிக்கு ஒருமுறை ஸ்னாப்ஷாட் எடுக்கும்படி கணினியில் வைத்திருந்தேன். அந்த நிமிடத்தில் கோப்புகள் எப்படி இருந்தனவோ, அப்படியே அது பிடித்து வைத்துக்கொள்ளும். ஏதாவது அழிந்தால் அதிலிருந்து மீட்கலாம்.

பன்னிரண்டரைக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது கை தவறி ஓர் ஊரின் கோப்பை அழித்துவிட்டேன். பன்னிரண்டு மணி ஸ்னாப்ஷாட்டிலிருந்து அந்த ஒரு கோப்பை மட்டும் எடுத்திருக்கவேண்டும். பதற்றத்தில் டிஸ்க் முழுவதையும் அந்த நேரத்துக்குத் திருப்பப் போனேன். அதற்குப் பின் ஏற்றியதெல்லாம் அழிந்துபோகும் என்று திரையில் ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் விரல் அழுத்திவிட்டது.

அழிந்த ஊர் திரும்பி வந்தது. ஆனால் ரசீது எண் நானூற்றுப் பன்னிரண்டிலிருந்து முந்நூற்று ஐம்பத்தொன்றுக்கு இறங்கியிருந்தது. கூட்டம் நெருக்கிய அந்த நேரத்தில் மொய் செய்த அறுபத்தொரு பேர் கணினியில் இல்லை.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். கடைசியில் மேசையில் இருந்தவர்களிடம் சொன்னேன்.

மூத்த மாமன் ரூபாய்க் கட்டுக்கு ரப்பர் போட்டபடியே சொன்னார்: "நோட்டுல எழுதுனா மைதான் கொட்டும். ஒங் கம்ப்யூட்டர் பொட்டியில ஆளே கொட்டிப்போச்சேப்பா."

"பணம் பொட்டியில பத்திரமா இருக்குங்க மாமா" என்றேன்.

"பணம் இருக்குப்பா. குடுத்தது யாருன்னு அதுல எழுதியா இருக்கு?" என்றார் அண்ணனின் மனைவி. "நாளைக்கு அவுக வீட்டு விருந்துக்கு நாங்க போகாம இருந்தா, வாங்கிப் போட்டுட்டு முழுங்கிட்டான்னுல்ல பேசுவாக. இவுக அங்கிட்டு தலகாட்ட முடியுமா?"

அண்ணன் என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. எழுந்துபோய் மைக்கைப் பிடித்தார். "பன்னெண்டு மணிக்கு மேல மொய் செஞ்சவுக, ரசீதோட ஒரு எட்டு மேசைக்கு வந்துட்டுப் போங்க."

சிலர் கை கழுவிவிட்டு ஈர விரலோடு ரசீதை நீட்டினார்கள். ஒருவர், "ரெண்டாந்தடவ மொய்யா? நமக்குக் கட்டுபடியாகாதுப்பா" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார். ரசீதை இலையோடு மடித்துப் போட்டவர்களும் இருந்தார்கள். அவர்களைப் பந்தியில் தேடிப் பிடித்துத் தொகை கேட்டு வந்தவர் அண்ணனின் மனைவி. சாயங்காலத்துக்குள் ஐம்பத்தாறு பேர் கிடைத்தார்கள். மற்றவர்கள் பஸ் ஏறிவிட்டிருந்தார்கள்.

அடுத்த மூன்று வாரமும் மொபெட்டில் ஊர் ஊராகப் போய், அழைப்பிதழ் போன வீடுகளில் எல்லாம் கேட்டேன். இரண்டு பேர் கிடைத்தார்கள். இன்னும் மூன்று பேர் கிடைக்கவில்லை. பட்டியலைப் பெட்டிப் பணத்தோடு ஒத்துப் பார்த்ததில், யாரென்றே தெரியாத அந்த மூவருக்கும் அண்ணன் திருப்பிச் செய்யவேண்டியதாக மிஞ்சியது பதினோராயிரத்து ஐந்நூறு ரூபாய்.