தெருமுனை வரைக்கும்

அப்பா இறந்த அன்று காலை பத்து மணிக்குள் என் போனில் பதினான்கு வரிகள் ஏறியிருந்தன. ஐஸ் பெட்டி, சாமியானா, நாற்காலி, மாலை, கொட்டு, பூப்பல்லக்கு, வேட்டு, டாக்டர் சான்றிதழ், மின்மயானத்துக்கு முன்பதிவு. தொழிற்சாலையில் இயந்திரங்களுக்குப் பராமரிப்புப் பட்டியல் போடுவதுதான் என் வேலை. பட்டியல் இருந்தால் எதையும் சமாளிப்பேன். அண்ணன் பெங்களூரிலிருந்து வந்து சேர்வதற்குள் எல்லா வரியையும் முடித்துவிட்டேன். பூப்பல்லக்குக்கு ஆன செலவில் அப்பாவுக்கு ஒரு வருஷத்து மாத்திரை வாங்கியிருக்கலாம். அப்போது அதை நினைக்கவில்லை.

அவனியாபுரத்தில் எங்கள் தெருமுனையில் பல்லக்கை நிறுத்தினார்கள். பெண்கள் மூன்று முறை சுற்றி வந்தோம். அத்தை என் தோளைப் பிடித்தார்.

“பொம்பளைகளுக்கு இம்புட்டுத்தான் தாயி. திரும்பு.”

மயானத்துக்குப் பெண்கள் போவதில்லை என்பது எனக்குத் தெரியாததா? ஆனால் பதினான்கு வரிகளில் அது இல்லை. திரும்பினேன். வேட்டுச் சத்தம் தேய்வதை வைத்து, அப்பா எங்கே போய்க்கொண்டிருப்பார் என்று கணக்கிட்டபடி தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன்.

ஐந்து மாதம் கழித்து, கே.கே. நகரில் பெரியப்பா இறந்தார். உடலை மருத்துவக் கல்லூரிக்குத் தானமாக எழுதி வைத்திருந்தார். கொட்டு இல்லை, பல்லக்கு இல்லை. ஓர் ஐஸ் பெட்டி, ஒரு வண்டி, நான்கு தாள்.

“இழவு வீடா இது? ரேஷன் கார்டுல பேரு எடுக்குற மாதிரியில்ல இருக்கு!” என்றார் தூரத்து மாமா ஒருவர். சுற்றி இருந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

வண்டி கிளம்பும்போது பெரியப்பா மகள், என்னைவிட இரண்டு வயது மூத்த அக்கா, உள்ளே ஏறி அவர் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள். கதவைச் சாத்தினார்கள். தெருமுனையில் வண்டி நிற்கவே இல்லை.

எனக்கு வயிறு எரிந்தது. துக்கம் என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தேன். இல்லை, பொறாமைதான். அந்த எரிச்சலில் மாமாவிடம் நானே எடுத்துக் கொடுத்தேன்: “செலவில்லாம முடிச்சுட்டாங்கல்ல, மாமா?”

“அம்புட்டும் மிச்சம் தாயி!” என்றார் அவர் உற்சாகமாக.

மூன்றாம் நாள் அக்காவைப் பார்க்கப் போனேன். ஆறுதல் சொல்ல அல்ல, விசாரிக்க.

“எதுவரைக்கும் போன?”

“உள்ள வரைக்கும். ஸ்ட்ரெச்சர நானும் சேந்து தள்ளுனேன். ஒரு சக்கரம் சுத்தவே இல்ல. கையெழுத்துப் போட்டேன். கால் குளிருதுன்னு போட்டிருந்தாருல்ல, அந்த சாக்ஸக் கழட்டி என் கையில குடுத்தாங்க.”

அதைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டிருந்தாள். அப்பாவின் சாம்பலை அண்ணன் கையில்தான் கொடுத்தார்கள்.

அந்த வாரமே உடல் தானப் படிவத்தை அச்செடுத்து அம்மாவிடம் கொண்டுபோனேன். நெருங்கிய உறவினர் என்ற இடத்தில், அவரைக் கேட்பதற்கு முன்பே, பென்சிலால் என் பெயரை எழுதியிருந்தேன்.

அம்மா பூண்டு உரிப்பதை நிறுத்தாமல் கேட்டுவிட்டுச் சொன்னார்: “எனக்குக் கொட்டு வேணும்டி. பூப்பல்லக்கு வேணும். உங்கப்பாவுக்கு வச்சதவிட ஒரு முழம் பெருசா.”

“அப்ப நான் மறுபடியும் தெருமுனையில நிக்கணும்.”

“நீ ஏன் நிக்கிற? ஸ்கூட்டர் வச்சிருக்கேல்ல? பின்னாடியே வா. எவன் மறிக்கிறான்னு பாப்போம்.”

சாமியானா தெருவை அடைத்திருந்ததால், அப்பா இறந்த அன்று என் ஸ்கூட்டர் தெருமுனையில்தான் நின்றது. சாவியும் என்னிடம்தான் இருந்தது. அதைத் தாண்டித்தான் வீட்டுக்குத் திரும்பி நடந்திருக்கிறேன்.

அக்காவுக்குப் போன் போட்டேன். “வண்டியில ஏறாதன்னு உன்ன யாரும் சொல்லலையா?”

“ஏன் சொல்லல? மூணு பேரு சொன்னாங்க. காதுல விழாத மாதிரி ஏறிட்டேன்.”

அவளைக் கொண்டுபோனது தானப் படிவம் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். பென்சில் பெயரை அழித்துவிட்டு, அம்மாவுக்காகப் புதுப் பட்டியல் தொடங்கினேன். முதல் வரி, ஸ்கூட்டர் சாவி. இரண்டாவது வரி, பூப்பல்லக்கு, ஒரு முழம் பெரியது.

பொறாமை போய்விடவில்லை. கூடித்தான் இருக்கிறது. அக்காவை ஏறாதே என்று மூன்று பேர் சொன்னார்கள். என்னைத் திரும்பச் சொன்னது ஒரே ஒரு அத்தை.