மாட்டு வாய் பார்க்கும் நஞ்சம்மா

நஞ்சம்மா யாரையும் நம்பமாட்டாள். பால் சொசைட்டியில் பால்மானியைப் பார்ப்பவனின் தோளுக்கு மேலே அவள் தலை எட்டிப் பார்க்கும். கம்பெனி கேன்டீனில் வேலை செய்யும் புருஷன் கங்கப்பன் ஓவர்டைம் என்று சொன்னால், சட்டையை மோந்து பார்த்துவிட்டுத்தான் சோறு போடுவாள். மனுஷன் வாயில் வருவது பாதி பொய், மாட்டு வாய் மட்டும் பொய் சொல்லாது என்பது அவள் கட்சி. ஜூஜுவாடிப் பக்கம் யார் மாடு பிடித்தாலும் வயசறியப் பல் பார்க்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். கட்டைவிரலைக் கடைவாயில் கொடுத்து, நாக்கைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்து, "நாலு பல்லுன்னானா? ஆறு போட்டாச்சு. திருப்பி ஓட்டு" என்பாள். அவளைக் கண்டாலே சந்தைத் தரகர்கள் மறுகோடிக்குப் போய்விடுவார்கள்.

எண்பத்தாறாம் வருஷம் அவளிடம் இருந்தது ஒரே ஒரு செவலைப் பசு. எட்டு மாதச் சினை. இரண்டு ஈற்றும் காளைக்கன்றாகப் போட்டு ஏமாற்றியிருந்தது. இந்த முறை கிடாரிதான் என்று அவள் நம்பினாள். அவள் வாழ்நாளில் நம்பிய ஒரே விஷயம் அதுதான்.

அத்திப்பள்ளிப் பக்கம் மாட்டு வாயிலும் குளம்பிலும் புண் வைக்கும் கோமாரி வந்திருக்கிறது என்ற பேச்சு பரவியபோது அவளுக்கு முதல் சந்தேகம் அக்கம்பக்கத்தார் மேல் வந்தது. நோய்கண்ட மாட்டின் பாலை சொசைட்டியில் எடுக்கமாட்டார்கள். அதனால் மறைப்பார்கள். தினமும் காலையில் கிளம்பி சென்னம்மா கொட்டாய், அடுத்து வெள்ளையம்மா கொட்டாய் என்று புகுந்து, ஒவ்வொரு மாட்டின் வாயையும் பிளந்து புண் தேடினாள். கடைசியாக வீட்டுக்கு வந்து தன் செவலையின் வாயையும் பார்த்த பிறகுதான் அவளுக்கு நிம்மதி. முனிலட்சுமி கொட்டாய்க்கு மட்டும் போவதில்லை. வேலித் தகராறில் இருவரும் பேசி ஒரு வருஷமாகியிருந்தது.

அந்தச் சமயம் பார்த்து ஏரிக்கரைக்கு ஓர் ஒட்டகம் வந்தது. அனந்தபூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் குழந்தைகளைச் சவாரி ஏற்றவும், பயந்த பிள்ளைகளுக்குத் தாயத்தாகக் கட்ட அதன் மயிர் கொடுக்கவும் கூட்டி வந்திருந்தார். ஒட்டகத்தின் விலாவில் மயிர் உதிர்ந்து சொறி. லாரி ஒர்க்‌ஷாப்பில் வாங்கிய கழிவு ஆயிலில் கந்தகத்தைக் குழைத்துப் பூசியிருந்தார். பார்த்தவுடனே நஞ்சம்மாவின் சந்தேகம் ஒட்டகத்தின் மேல் திரும்பியது.

சென்னம்மா மாடு வாய்நுரை தள்ளியது. நாலு நாளில் வெள்ளையம்மா மாடும் நொண்டியது. நஞ்சம்மா ஆறேழு பேரைச் சேர்த்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்த் தெலுங்கில் பிடிபிடியென்று பிடித்தாள். இது வெறும் தோல் சொறி, தகர டின்னில் தனியாகத்தான் தண்ணி காட்டுகிறேன் என்றார் அந்த மனுஷன். யார் கேட்டது? மத்தியானத்துக்குள் ஒட்டகத்தைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஒட்டகம் போன ஐந்தாம் நாள் செவலை தீனி தொடவில்லை. நாக்கெல்லாம் கொப்புளம். போகிற போக்கில் தொட்டியில் எதையோ கலந்துவிட்டான் பாவி என்று நஞ்சம்மா மண்ணை வாரித் தூற்றினாள்.

கால்நடை ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் கந்தன் வந்து ஊசி போட்டுவிட்டு, அவள் சொன்ன ஒட்டகக் கதையைக் கேட்டு விசாரித்தார்.

"ஒட்டகம் கட்டியிருந்த எடத்துக்கு ரொம்பக் கிட்ட யாரு மாடுங்கக்கா?"

"முனிலட்சுமியோடது."

"அதுக்கு நோவு வந்துச்சா?"

"அது நல்லாத்தான் மேயுது."

"நோவு வந்த மாட்டையெல்லாம் வாயைத் தொறந்து பாத்தது யாரு?"

"நான்தான். வேற யாருக்குத் தெரியும்?"

"ஒரு மாட்டைப் பாத்துட்டு அடுத்ததுக்குப் போறப்ப கை கழுவுவீங்களா?"

"மாட்டைத் தொட்டதுக்கு எதுக்குக் கழுவணும்? முந்தானைல தொடச்சிக்குவேன்."

கந்தன் கை கழுவச் சொல்லி வாஷிங் சோடா கரைத்த தண்ணீரை அவள் முன்னால் நகர்த்தி வைத்தார். சென்னம்மா, வெள்ளையம்மா, அப்புறம் தன் வீடு. தான் நடந்த வழியிலேயே நோயும் நடந்து வந்திருப்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கந்தன் வந்துபோன மூன்றாம் நாள் செவலை கன்றைப் போட்டுவிட்டது. கிடாரிதான். மூச்சில்லை. நஞ்சம்மா அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள்.

அழுகைச் சத்தம் கேட்டு ஒரு வருஷத்துக்குப் பிறகு முனிலட்சுமி படியேறி வந்தாள்.

"எல்லாம் அந்த ஒட்டகத்துக்காரன் பண்ண வேலைக்கா. எனக்கும் பயமா இருக்குது. வந்து எம்மாட்டு வாயை ஒரு தபா பாரு."

ஊர் முழுக்க இதே பேச்சுதான். கந்தனைத் தவிர யாருக்கும் எதுவும் தெரியாது. நஞ்சம்மா பேசாமல் இருந்தால் குற்றம் ஒட்டகத்தோடேயே போய்விடும். முகத்தைத் துடைத்துக்கொண்டு முனிலட்சுமி பின்னால் நடந்தாள். கொட்டாய்ப் படல் கதவருகே வந்ததும் வெள்ளைப் பசு அவளைப் பார்த்துக் கழுத்தை நீட்டியது. நஞ்சம்மா நின்றுவிட்டாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"ஏன்க்கா நின்னுட்ட? உள்ள வா."

"வரமாட்டேன். ஒட்டகம் ஒண்ணும் கொண்டாரல முனிலட்சுமி. சென்னம்மா கொட்டாய்ல இருந்து நான்தான் கொண்டாந்தேன். இந்தக் கையிலதான்."

முனிலட்சுமி அவளையே பார்த்தாள். பிறகு உள்ளே நின்றபடியே படலை இழுத்துச் சாத்தினாள்.