கடைக்குட்டிக்காகக் குரல் கொடுத்தவர்

இது நிஜமாக நடந்தது. கட்டுக்கதை என்றால் நானே இதைவிட நன்றாக ஜோடித்துச் சொல்வேன். நடந்தது என் கூட்டாளிக்கு. நாங்கள் இரண்டு பேரும் மைக்செட் வாடகைக்கு விடுகிறவர்கள். ஒரே கடை, ஒரே கல்லா. ஆள் வாயாடி, அவசரக்குடுக்கை. ஆனால் பொய் மட்டும் வராது. வாடிக்கையாளரிடம் பொய் சொல்ல வேண்டி வந்தால் என்னைத்தான் முன்னால் தள்ளிவிடுவார்.

அன்று அவருக்கு ஒரு கிராமத்தில் வேலை. உலகப் போர்களில் செத்துப்போன அந்த ஊர்ப் பையன்களுக்கு வருஷா வருஷம் நினைவுக் கூட்டம் நடக்கும். வண்டியில் போக இரண்டு மணி நேரம். அந்த ஊரிலேயே ஒரு மைக்செட் கடை இருந்தது. பிறகு எதற்கு நம்மைக் கூப்பிடுகிறார்கள் என்று மனுஷன் யோசிக்கவே இல்லை. தேடி வந்த வேலையை விடுவானேன் என்று கிளம்பிவிட்டார்.

கிளம்பும்போது மகள் காலைக் கட்டிக்கொண்டாள். நான்கு வயது. அப்பா தட்டிக்கொடுத்தால்தான் தூங்குவாள்.

“நீ தூங்கறதுக்குள்ள வந்துடுவேன்டா கண்ணு” என்றார்.

ஊர் நடுவில் ஒரு கல்தூண். அதில் செத்தவர்களின் பெயர்கள். முன்னால் வரிசையாக நாற்காலிகள். ஐந்து மணிக்கு ஊர்த் தலைவர் மைக் முன்னால் வந்தார். பேச்சு எதுவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் வருகை எடுப்பது போல ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார். அதுவும் பெயரைச் சொல்லி இல்லை, வீட்டைச் சொல்லி.

“மாவு மில் வீட்டு மூத்தவன்!”

ஒரு பெரியவர் எழுந்தார். “உள்ளேன் ஐயா.”

“தபால்காரர் வீட்டு இரட்டையர்!”

இரண்டு பெண்கள் எழுந்தார்கள். “உள்ளேன் ஐயா.”

செத்தவனுக்காக அவன் வீட்டு ஆள் எழுந்து குரல் கொடுக்கிறார்.  நம்ம ஆள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் கண்ணைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தார். முதல் போர் முடிந்தது. இரண்டாம் போரும் முடியப்போனது. கடைசி ஆள்.

“தையல்காரர் வீட்டுக் கடைக்குட்டி!”

யாரும் எழவில்லை.

அப்போதுதான் ஹெட்போனில் அந்தச் சத்தம் கேட்டது. மூச்சு... மூச்சிரைக்க ஓடி வந்தவன் மைக்கை ஒட்டி நின்றால் கேட்குமே, அந்த மாதிரி. தலைவரோ மைக்கைவிட்டு விலகி, வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தார். இவர் சத்தத்தைக் குறைத்தார். மூச்சு குறையவில்லை.

முன் வரிசையில் ஒரு பெண் தன் மகனின் வாயைக் கையால் பொத்தியிருந்தாள். பிள்ளை ஏதோ சேட்டை செய்கிறான் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

இரண்டாவது முறை கூப்பிட்டார் தலைவர். மூன்றாவது முறையும் கூப்பிட்டார். கூட்டம் மொத்தமும் மெதுவாகத் திரும்பி மைக்செட்காரரைப் பார்த்தது.  சும்மா பார்த்தார்கள்.

ஐயோ பாவம், இந்தப் பையனுக்கு மட்டும் நாதியே இல்லையா என்று இவருக்கு மனசு கரைந்தது. மணியும் ஆறாகிவிட்டது. வீட்டில் மகள் காத்திருப்பாள். இரக்கம் பாதி, அவசரம் பாதி. கையிலிருந்த இன்னொரு மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

“உள்ளேன் ஐயா.”

ஹெட்போனில் மூச்சு நின்றது.

கூட்டம் சட்டென்று கலைந்தது. எந்த ஊரிலும் எங்களுக்கு ஸ்பீக்கர் தூக்க ஆள் வந்ததில்லை. இங்கே நாலு பேர் ஓடி வந்து எல்லாவற்றையும் வேனில் ஏற்றினார்கள். யாரும் இவர் முகத்தைப் பார்க்கவில்லை. போயிட்டு வாங்க என்று வாய் வார்த்தைக்குக்கூட ஒருவர் சொல்லவில்லை.

“போங்க” என்றார் தலைவர். அவ்வளவுதான்.

ஏழு பத்துக்கு வண்டியை ஓரங்கட்டி வீட்டுக்குப் போன் போட்டார்.

“வந்துட்டே இருக்கேன். பாப்பா தூங்கிட்டாளா?”

 பின்னால் தட்டில் கரண்டி இடிக்கிற சத்தம்.

“யாருங்க பேசறது?” என்றாள் மனைவி.

“யாரா? நான்தான்டி!”

“அவர் போனை எங்கேயோ விட்டுட்டு வந்துட்டார் போல. சாப்பிட்டுட்டிருக்கார். இருங்க, அவர்கிட்டயே குடுக்கறேன்.”

போன் கைமாறியது.

அதே மூச்சு...

லைன் அறுந்தது.

வண்டியை எப்படி ஓட்டினாரோ, எட்டு மணிக்கு வீட்டு வாசலில் நின்றார். கதவு உள்ளே தாழ். தட்டினார். கத்தினார். யாரும் வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

இவருடைய நாற்காலி. இவருடைய சட்டை. முதுகு மட்டும் தெரிந்தது. குனிந்து, அள்ளி அள்ளி விழுங்கிக்கொண்டிருந்தது. பல வருஷம் பட்டினி கிடந்த மாதிரி.

“இன்னிக்கு என்ன இவ்வளவு பசி?” மனைவி சிரித்தபடி பரிமாறினாள்.

மகள் மட்டும் ஜன்னலைப் பார்த்தாள்.

“பாப்பா... அப்பாடா...”

“அம்மா, யாரோ ஒரு அண்ணன் நிக்கறாங்க. உடம்பெல்லாம் சேறு.”

தன் கையைப் பார்த்தார்.

சேறு.

முழங்கை வரைக்கும்.

ஜன்னல் சாத்தப்பட்டது.

இவ்வளவையும் எட்டே முக்காலுக்குப் போனில் அவரே என்னிடம் சொன்னார். அவர் குரல் எனக்குத் தெரியாதா? தினமும் மைக்கில் கேட்ட குரல். “எங்க இருக்க? நான் வர்றேன்” என்றேன். “தெரியலைடா. படுத்திருக்கேன். மேல மண்ணு விழுது” என்றார். அதோடு லைன் போய்விட்டது.

விடிந்ததும் அவர் வீட்டுக்கு ஓடினேன். கூட்டாளி வாசலில் நின்றிருந்தார். அதே முகம், அதே உயரம். ராத்திரி போன் பண்ணினாயா என்று கேட்டேன். இல்லையே என்றார். மைக்செட்டை எல்லாம் நீயே வைத்துக்கொள், எனக்கு வேண்டாம் என்றார். மகள் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டு வெளியே வரவே இல்லை. ராத்திரி முழுக்க அவள் தூங்கவில்லையாம்.

அன்றைக்கே அந்தக் கிராமத்துக்குப் போய், தையல்காரர் வீடு எது என்று கேட்டேன். அப்படி ஒரு வீடே இப்போது இருக்காது என்று நினைத்திருந்தேன். இருந்தது. பெரிய வீடு, மூன்று தலைமுறை ஆட்கள் நிறைந்த வீடு. கதவைத் திறந்தவள், என்னைப் பார்த்ததும் பக்கத்தில் நின்ற மகனின் வாயைக் கையால் பொத்தினாள்; கூட்டாளி சொன்ன அதே பெண்.

“அந்தக் கடைக்குட்டி என் மாமனாரோட சித்தப்பா” என்றாள். “மத்தவங்களை எல்லாம் புதைச்சாங்க. இவர் உடம்பு மட்டும் கிடைக்கவே இல்லை. வருஷா வருஷம் கூட்டம் முடிஞ்ச ராத்திரி வந்து எங்க கதவைத் தட்டுவார். என் இடத்துல யாராவது ஒருத்தர் வந்து இருங்க, நான் வெளியே வரணும்னு அழுவார். அதான் எங்க வீட்டு ஆளுங்க யாரும் வாயைத் திறக்க மாட்டோம். நேத்து ராத்திரி தட்டலை. எல்லாரும் நிம்மதியா தூங்கினோம்.”

“தெரிஞ்சேதான் வெளியூர் ஆளைக் கூப்பிட்டீங்களா?”

“என்ன பண்றது? எங்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கே.”

 அவளை அறைந்துவிடலாம் போல இருந்தது.

“என் கூட்டாளி வெளியே வர வழியே இல்லையா?”

“ஏன் இல்லை? அடுத்த வருஷமும் கடைசியா கூப்பிடுவோம். அப்ப வேற யாராவது குரல் குடுத்தா அவர் வெளியே வந்துடுவார்.” என்னை மேலும் கீழும் பார்த்தாள். “நீங்களும் மைக்செட்தானே? அடுத்த வருஷம் வர்றீங்களா?”

வர முடியாது என்று சொல்லிவிட்டேன். எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது.