கதவில்லாத சரக்கு அறை

நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பாதவர்கள் என் வலது கையைப் பார்க்கட்டும். மூன்று விரல் முட்டிகளில் இன்னும் தழும்பு இருக்கிறது.

என் பெயர் கர்ணன். ஊர் கோம்பை. கொத்து வேலைதான் தொழில். ஆனால் புது வீடு கட்டுவதில்லை. தீயில் வெந்த வீடு, வெள்ளத்தில் ஊறிய கடை, இவற்றைச் சீர் செய்து பழையபடி ஆக்கித் தருவேன். போடியிலிருந்து கூடலூர் வரை எங்கே தீப்பிடித்தாலும், அணைத்த மறுவாரம் என்னைத் தேடி ஆள் வரும்.

இது நடந்தது 1934, ஆவணி மாதம். ராத்திரியில் அல்ல. உச்சி வெயிலில்.

போடி கடைவீதியில் அய்யாத்துரை என்று ஓர் ஏலக்காய் வியாபாரி. ஆடிப் பதினெட்டு அன்று அவர் சரக்கு வைக்கும் கிட்டங்கி எரிந்துபோனது. நான் போனதும் எப்போதும் கேட்கிற கேள்வியைத்தான் முதலில் கேட்டேன்.

"ஆளுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"கர்த்தர் கிருபையில ஒரு ஆளுக்கும் ஒண்ணுமில்லப்பா. காய் பொறுக்குற பொம்பளைக எல்லாம் ஆத்துக்குப் போகணும்னாளுக. பதினோரு மணிக்கே அனுப்பிட்டுப் பூட்டிட்டேன். பன்னெண்டேகாலுக்குப் புகையுதுன்னு ஓடியாந்து சொல்றாக."

முன்கட்டு தப்பித்திருந்தது. பின்கட்டில் இருந்த சரக்கு அறைதான் மோசம். சன்னல் இல்லாத அறை. ஒரே வாசல். அதிலும் கதவு எரிந்து போய் நிலை மட்டும் நின்றது. கூரை முழுவதும் இடிந்துவிட்டதால் வெயில் நேராக உள்ளே விழுந்தது.

தீப்பிடித்த வீட்டுச் சுவரைப் படிக்கத் தெரிய வேண்டும். புகை போகிற இடமெல்லாம் கரி படியும். பொருள் இருந்த இடத்தில் மட்டும் படியாது. பெட்டி இருந்த இடம் பெட்டி அளவுக்கு வெள்ளையாக நிற்கும். மூட்டை இருந்த இடம் மூட்டை அளவுக்கு. அந்தச் சுவர்களிலும் அப்படித்தான் இருந்தது. எல்லாம் சரியாக இருந்தது... மூலையைத் தவிர.

மூலையில் சின்னதாக ஒரு வெள்ளை. என்னோடு வேலை செய்யும் சித்தாள் பஞ்சம்மாள்தான் முதலில் பார்த்தாள்.

"கொத்தனாரே, இது என்னது?"

"சாக்கை மடிச்சு வச்சிருப்பாக."

அவள் கிட்டப் போய்ப் பார்த்தாள்.

"சாக்குக்குக் கொண்டை இருக்குமா?"

நான் உற்றுப் பார்த்தேன். முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையைக் கவிழ்த்து யாரோ உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது. உடனே அய்யாத்துரையிடம் போனேன்.

"சாம்பலைச் சலிச்சே பாத்தாச்சுப்பா. ஒரு எலும்புகூட இல்ல," என்றார். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. நானும் சுவரைச் சுரண்டி, கழுவி, சுண்ணாம்பு அடித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் பகல் பன்னிரண்டு மணி. கஞ்சி குடித்துவிட்டு உள்ளே போனோம். வெள்ளையடித்த சுவரில் மறுபடியும் கரி பூத்திருந்தது. அது புதிதல்ல. வெந்த சுவரில் கரி ஊறி வெளியே வரும். கடுக்காய்த் தண்ணீர் அடித்தால் நிற்கும்.

ஆனால் அந்த வெள்ளை உருவம் மூலையில் இல்லை. நாலு அடி தள்ளி இருந்தது. எழுந்து நின்றது.

கடுக்காய்த் தண்ணீரை இரண்டு முறை அடித்தேன். என் பயம் பஞ்சம்மாளுக்குத் தெரியக் கூடாதே என்று வேகமாக அடித்தேன்.

மூன்றாம் நாள்... உருவம் வாசலுக்கு ஒரு முழம் பக்கத்தில் இருந்தது. இரண்டு கையையும் மேலே தூக்கியிருந்தது.

"நான் முத்தத்துலயே சுண்ணாம்பு கொழைச்சுத் தாரேன். உள்ள வரமாட்டேன்," என்றாள் பஞ்சம்மாள்.

முண்டாசை இறுக்கிக் கட்டிக்கொண்டு நான் மட்டும் உள்ளே போனேன். இடுப்பில் ஒரு கடிகாரம் வைத்திருப்பேன். எஸ்டேட் பங்களா ஒன்றில் வேலை செய்தபோது துரை கொடுத்தது. அதில் பன்னிரண்டு இருபது. இரண்டு கையிலும் ஈரச் சுண்ணாம்பு.

வெளியே பஞ்சம்மாளின் மண்வெட்டிச் சத்தம். சரக்... சரக்...

அது நின்றது.

வெயிலும் நின்றது.

மேகமாக இருக்கும் என்று அண்ணாந்து பார்த்தேன். வானம் இல்லை. ஓடு இருந்தது. உத்திரம் இருந்தது. உத்திரத்தின் நுனியில் தீ இருந்தது.

ஏலக்காய் வறுபடுகிற வாசனை...

அப்புறம் புகை.

எனக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

பெண் குரல்.

திரும்பிப் பார்க்கவில்லை. வாசலுக்கு ஓடினேன். நெற்றி மரத்தில் மோதியது.

கதவு.

கதவே இல்லாத வாசலில் கதவு.

தட்டினேன். குத்தினேன். "பஞ்சம்மா! பஞ்சம்மா!"

என் குத்துக்கு நடுவே இன்னொரு சத்தம். டம்... டம்... என் தோளுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கைகள் கதவைத் தட்டின.

மூச்சு முட்டியது. ஓங்கி உதைத்தேன்.

பிளந்தது.

வெயில்.

பஞ்சம்மாள் எதிரே மண்வெட்டியோடு நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"என்னாச்சு உங்களுக்கு? வாசல் தொறந்துதானே கெடக்கு? வெறுங்காத்தைக் குத்திக்கிட்டு நிக்கிறீக!"

கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு இருபத்தொன்று. விரல் முட்டிகளில் தோல் உரிந்து ரத்தம். சதைக்குள் கரிந்த மரச் சிலாம்பு. பஞ்சம்மாள்தான் ஊசியால் எடுத்தாள். எடுத்து முடித்ததும் அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் இருந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலை ஒட்டி இப்போது இரண்டு உருவங்கள் இருந்தன. ஒன்று கொண்டை போட்டது. இன்னொன்று உயரமானது. தலையில் முண்டாசு.

என் முண்டாசு.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. ஐந்தாம் நாள், ஒத்துக்கொண்ட வேலையை விடக் கூடாது என்று போனேன். சுவர் சுத்தமாக இருந்தது. அதன் பிறகு ஒரு பொட்டுக் கரிகூட வரவில்லை. கூரை போட்டு, புதுக் கதவு மாட்டி, புரட்டாசியில் சாவியைக் கொடுத்துவிட்டேன். பூசாரியிடம் மந்திரித்துக் கயிறு கட்டிக்கொண்டேன். கனவாக இருக்கும், வெயில் கிறக்கமாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

தை மாதம். தேவாரத்தில் ஒரு வீட்டில் பின்சுவர் மழையில் கரைந்துவிட்டது என்று கூப்பிட்டிருந்தார்கள். வேலை நடக்கும்போது பக்கத்து வீட்டுப் பெண் வெளியே வந்தாள். முப்பது வயது இருக்கும். என்னைப் பார்த்தாள். அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டாள்.

அவளுடைய மாமியார் தண்ணீர் கொண்டுவந்து தெளித்தாள். மருமகள் பெயர் அக்கம்மாள் என்று சொன்னாள். நான் கிட்டப் போனதும் அக்கம்மாள் பின்னால் நகர்ந்தாள்.

"நீங்க... போடிக் கிட்டங்கியில..."

"ஆமா. நான்தான் அதைச் சீர் பண்ணுனேன்."

"இல்ல. தீப்பிடிச்ச அன்னைக்கு." அவள் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் அங்கன காய் பொறுக்குனவ. அன்னைக்குக் காச்சல். மூட்டைக்குப் பின்னால உக்காந்தவ அப்படியே அசந்துட்டேன். பாக்காமப் பூட்டிட்டாக. முழிச்சா ஒரே புகை. கதவைத் தட்டுறேன், யாருக்கும் கேக்கல. அப்பத்தான் கை ரெண்டும் சுண்ணாம்போட நீங்க வந்து ஓங்கி ஒதைச்சீக."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"அதை ஏன் ஆத்தா யார்கிட்டயும் சொல்லல?"

"சரக்கு ரூமுக்குள்ள உனக்கு என்ன வேலைம்பாக. தீ வச்சதே நாந்தான்னு சொல்லிப்புடுவாக. முத்தத்துப் பின்வாசல் வழியா ஓடி வந்துட்டேன்."

"நான் ஆவணியிலதான் போடிக்கே போனேன் ஆத்தா. ஆடியில நான் கம்பத்துல இருந்தேன்."

அவள் வீட்டுக்குள் கையை நீட்டினாள். சுவர் மாடத்தில் ஓர் அகல் எரிந்துகொண்டிருந்தது. முன்னால் ஓர் இலையில் சோறு. அன்று தை அமாவாசை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"பேரு தெரியாது. அதான் பேரு சொல்லாம மாசாமாசம் வைக்கிறேன்," என்றாள்.

வருடங்கள் ஆகிவிட்டன. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். அவள் மட்டும் விளக்கை நிறுத்தவில்லை. நான் உயிரோடு இருக்கும்போது இது வேண்டாம் என்று பஞ்சம்மாளிடம் சொல்லி அனுப்பினேன். அக்கம்மாள் கேட்கவில்லையாம். இவ்வளவுதான் சொன்னாளாம்:

"வாசல் தாண்டித் திரும்பிப் பாத்தேன். அவுக வெளிய வரல. கூரை அவுக மேல விழுந்ததை நான் என் கண்ணால பாத்தேன்."