நான்கு சுவர்களும் தேவசகாயமும்

தேவசகாயம் எந்த நிறத்தையும் முதலில் தன் இடது கட்டைவிரல் நகத்தில்தான் தடவிப் பார்ப்பார். பிரஷ் நுனியை நகத்தின் மேல் ஒருமுறை இழுப்பார். வெயில் பக்கம் திருப்பி, உதட்டைக் குவித்து ஊதுவார். காய்ந்தால் நிறம் கொஞ்சம் மங்கும். அந்த மங்கல் பிடித்திருந்தால்தான் துணியைத் தொடுவார். இல்லையென்றால் வேட்டி ஓரத்தில் துடைத்துவிட்டு மறுபடி குழைப்பார். நகம் பச்சையாக இருந்தால் தர்கா சந்தனக்கூட்டு வேலை, நீலமென்றால் மாதா தேர் என்று பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் சொல்லிவிடுவார்கள்.

செஞ்சிக்கு மேற்கே ஒரு கிராமத்துச் சேரியில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா ஊரார் நிலத்தில் ஏர் ஓட்டினார். மாதா கோயிலுக்கு வெள்ளையடிக்கப் போன இடத்தில், வெளியூர் ஓவியர் ஒருவர் விட்டுப்போன அரை டப்பா நீலத்தில் இவர் கை பழகியது. நாற்பது வயதுக்குள் கடைப் பலகை, கூத்துத் திரை, தேர்ச் சித்திரம் என்று இவர் தொடாதது இல்லை. ஒரு தேர்தலில் ஒரே சுவரில் இரண்டு கட்சிக்கும் சின்னம் வரைந்தார். எதிராளி சின்னம்தான் பெரிசு என்று இரண்டு தரப்பும் சண்டைக்கு வந்தது. "நூல் இந்தா இருக்குது, நீங்களே அளந்துக்கோங்க. எங்கூட்டுச் சின்னம் கஞ்சிக் கலயம், அதையும் வேணா அளங்க" என்றாராம்.

ஆனால் ஓர் ஏற்பாடு எங்கும் ஒன்றுதான். படத்துக்குக் கண் எழுதி முடித்ததும் ஓவியரை வெளியே அனுப்பிவிடுவார்கள். சில இடங்களில் அவர் நின்ற தரையில் தண்ணீர் தெளிப்பார்கள். அதற்குப் பிறகுதான் பூசை, கூட்டம், மேளம் எல்லாம். தாம் வரைந்ததை நாலு பேரோடு நின்று அவர் பார்த்ததே இல்லை.

"கண்ணத் தொறக்குறது நானு தம்பி. அது மொதல்ல பாக்குறது என் முதுகத்தான்" என்று என்னிடம் ஒருநாள் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அறுபத்தாறில் செஞ்சிக் கடைத்தெருவின் பழைய தானியக் கிடங்கைப் பொதுச் சித்திரக் கூடமாக மாற்றினார்கள். 'எல்லா மக்களின் கலைக்கும் ஓர் இடம்' என்று வாசலில் பலகை. பலகையை எழுதியவரும் தேவசகாயம்தான். செயலாளர் துரைக்கண்ணு, தாலுகா ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் அங்கே எழுத்தர்; ஓய்ந்த நேரத்தில் புதுக்கவிதை எழுதுவேன்.

திறப்பு விழாக் கண்காட்சிக்கு நான்கு சுவர், நான்கு சமுதாயம் என்று திட்டம். சமணர் ஊரான மேல்சித்தாமூரிலிருந்து, தீர்த்தங்கரரின் தாய் கண்ட பதினாறு கனவுகளை வரைந்த துணி வந்தது. ஒரு மாதா கோயிலிலிருந்து தேர்ப்பலகை, திரௌபதி அம்மன் விழாவுக்கான கூத்துத் திரை, சந்தனக்கூட்டு வண்டியின் பூவேலைப் பலகை. நான்கும் தேவசகாயம் வரைந்தவை. கொடுத்தவர்களுக்குத் தெரியும், கடைத்தெருவுக்கே தெரியும். யாரும் எழுதி வைத்ததில்லை, அவ்வளவுதான்.

இந்த முறை எழுதவேண்டும் என்று அவர் கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை. துரைக்கண்ணுவிடம் சொன்னேன்.

"நாலு சமுதாயம்னு நோட்டீஸ் அடிச்சாச்சி. நாலும் ஒரே கைன்னா கூடத்துக்கு இன்னாய்யா மரியாதை? அதுலயும் அந்த ஆளு கை."

"படம் குடுத்தவங்களக் கேட்டுப் பாக்கலாமே சார்."

"கேட்டாச்சி. நாலு பேரும் முடியாதுன்ட்டாங்க. நீ எழுது. வசனத்த ஒடச்சி ஒடச்சிப் போட்டு கவிதன்றியே, அதவிட இது சுளுவு."

எழுதினேன். கறுப்பு மையில், அழகான எழுத்தில், நான்கு அட்டைகள். 'வரைந்தவர்: பெயர் தெரியவில்லை.' தெரிந்த பெயரைத் தெரியாது என்று எழுதும்போது ஓர் எழுத்துக்கூடக் கோணவில்லை. அதுதான் இன்றைக்கும் ஆத்திரமாக இருக்கிறது.

விழா அன்று தேவசகாயம் சலவைச் சட்டையில் மனைவி ஜோசப்பினோடு முன்வாசல் வழியாக வந்தார். கனவுத் துணிக்கு எதிரே நின்று அட்டையைப் படித்தார். அடுத்த சுவருக்குப் போனார். நான்கையும் படித்தார்.

"இன்னாய்யா போட்டிருக்குது?" என்றாள் ஜோசப்பின். அவளுக்கு எழுத்துத் தெரியாது.

"ஊர் பேரு" என்றார்.

கடலூரிலிருந்து வந்த அதிகாரி மாலையோடு சுற்றி வந்தார். "நான்கு மதம், நான்கு கைகள், ஒரே கூரை. அடடா" என்று சொல்லிவிட்டு, ஓவியர்களின் பெயர் ஏன் இல்லை என்று கேட்டார்.

"ரொம்பப் பழசுங்க. காலத்துல அழிஞ்சி போச்சி" என்றார் துரைக்கண்ணு.

பின்னாலிருந்து தேவசகாயத்தின் குரல் கேட்டது. "போன மாசிலதாங்க அந்தத் திரைய முடிச்சேன். மூலையில தொட்டுப் பாருங்க, பெயின்ட் வாடகூடப் போவல."

அதிகாரி வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். "யோவ், போய் அய்யாவுக்கு சோடா சொல்லு" என்று துரைக்கண்ணு தேவசகாயத்தின் தோளைப் பிடித்துத் திருப்பினார். ஜோசப்பினுக்கு அப்போதுதான் விளங்கியது. "சோடாவ உங்கூட்டு ஆளுங்கள உட்டு வாங்கிக்க. சொவுத்துல தொங்குறது என் ஊட்டுக்காரரு முதுகு வலி" என்றாள். இரண்டு பேர் அவளை வாசல் பக்கம் தள்ளினார்கள். நான் என் மேசைக்குப் பின்னால் நின்றேன்.

போகும்போது தேவசகாயம் என் மேசையருகே நின்றார். "கையெழுத்து நல்லா இருக்குது தம்பி" என்றார். அந்த மாதமே திண்டிவனத்துக்கு லாரிக்குப் பெயின்ட் அடிக்கப் போய்விட்டார். செஞ்சியில் அவர் பிறகு பிரஷைத் தொடவில்லை.

சென்ற ஆண்டு, கூடத்தை மூடியபோது, கனவுத் துணியைத் திருப்பிக் கொடுக்க மேல்சித்தாமூர் போனேன். துணிக்குச் சொந்தக்காரர் பெரியதம்பி நயினார் அதை விரித்துப் பார்த்துவிட்டு, "பேரு போட்டீங்களா?" என்றார்.

நீங்கள் கூடாதென்றீர்களே என்றேன்.

"யாரு சொன்னது? என்ன ஒருத்தனும் கேக்கல. தேவசகாயந்தான் வந்தான். பேரு போட எனக்குச் சம்மதம்னு சீட்டு எழுதிக் குடுத்தேன். மத்த மூணு எடத்துலயும் நடையா நடந்து வாங்கி, நாலையும் துரைக்கண்ணு கையில குடுத்துட்டானாம். 'அட்டை எழுதுற பையன் நல்ல பையன், அவனும் சீட்டப் படிச்சிருப்பான்'னு திண்டிவனம் போறப்ப சொல்லிட்டுப் போனான்."

அந்தச் சீட்டுகள் ஒன்றுகூட என் மேசைக்கு வந்ததில்லை.