4.17க்கு வந்த அழைப்பு

இது நடந்தது. கூட்டாளி ரோடியிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. அமெரிக்காவில், வடக்கு மின்னசோட்டாவில் பதினாறு வருடமாகக் கண்ணாடி இழை கேபிள் போடுகிறேன். கதை கட்டத் தெரியாது.

கம்பத்தில் தொங்கவிடும் கேபிள் வேறு, மண்ணில் புதைக்கும் கேபிள் வேறு. இரண்டிலும் முடி போன்ற கண்ணாடி இழைகள் குழாய்க்குள் இருக்கும்; தண்ணீர் புகாமலிருக்கப் பசை நிரப்பியிருப்பார்கள். புதைப்பதற்கு மட்டும் மேலே இரும்புத் தகடு சுற்றியிருக்கும். மண் எலி கடிக்காமலிருக்க.

நவம்பர், மான் வேட்டை தொடங்குவதற்கு முந்தைய நாள். இர்மா நீமியின் வீட்டுக்கு இன்னும் நானூறு மீட்டர் பாக்கி. தகடு சுற்றிய கேபிள் தீர்ந்துவிட்டது. கம்பத்துக் கேபிளையே புதைத்தேன். "மான் உனக்காக நிக்காதுடா, மண்ணை மூடு" என்றான் ரோடி. இர்மா தனியாக வாழும் எண்பது வயதுக்காரி. எங்களுக்குக் காபி கொண்டுவந்தவள் குழியைப் பார்த்தாள்.

"எலி கடிக்காதேப்பா?"

"கடிக்காதும்மா" என்றேன்.

ஜனவரியில் ஒரு செவ்வாய். வெள்ளிக்கிழமையிலிருந்து அம்மாவின் போன் செத்துக் கிடக்கிறது என்று மகள் புகார் செய்திருந்தாள். அங்கே செல்போன் சிக்னலும் கிடைக்காது. ரோடி வீட்டுக்கு நடந்தான். நான் சாலையோரப் பெட்டியைத் திறந்து சோதித்தேன். 212 மீட்டரில் எல்லா இழையும் அறுந்திருந்தது. இழை வழியாக நாங்கள் பேசிக்கொள்ளும் கருவியைப் பழக்கத்தில் மாட்டி வைத்தேன்.

மணி 4.17. இருட்டத் தொடங்கியிருந்தது.

கருவி அடித்தது.

ரோடி என்று எடுத்தேன். அப்போதுதான் பார்த்தேன். அவனுடைய கருவி வண்டி இருக்கையில் கிடந்தது.

மூச்சு... கரகரப்பு...

"கேக்குதாப்பா?"

நாக்கு எழவில்லை.

"எலி கடிக்காதுன்னியே..."

அவ்வளவுதான்.

ரோடி தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தான். "போயிட்டாங்கடா. கையில போன்."

மார்வலி, சனிக்கிழமையே உயிர் போயிருக்கிறது என்றார் மருத்துவர். மறுநாள் உறைந்த மண்ணைத் தோண்டினோம். ஒரு சாண் கேபிளே இல்லை. அறிக்கையில் 'எலி' என்று மட்டும் எழுதினேன்.

புது கேபிள் போட்ட அன்று, போனுக்குப் பக்கத்தில் தொங்கிய நாட்காட்டியை மகள் காட்டினாள். சனிக்கிழமைக் கட்டத்தில் இர்மாவின் பென்சில் எழுத்து.

2.40 லைன் இல்லை.

3.15 இல்லை.

4.17 கேபிள் பையன் எடுத்தான். பேசவில்லை.

"யாருங்க இது?" என்றாள் மகள்.

தெரியாது என்றேன்.