கதவோரம் தேடிய இடைவெளி

கொரோனா ஓய்ந்து, ஊரே மாஸ்க்கைக் கழற்றிவிட்டிருந்த நேரம் அது. நகரியிலிருந்து திருப்பதிக்கு தினமும் ரயிலில் வேலைக்குப் போய்வரும் எனக்கு மட்டும் பயம் ஓயவில்லை. இரண்டாவது அலையில் என்னிடமிருந்துதான் என் கணவருக்குத் தொற்றியது. ஆக்சிஜன் குழாயோடு அவர் மூச்சுக்குத் தவித்ததைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். அவர் பிழைத்து வந்துவிட்டார். ஆனால், அதற்குப் பிறகு யாராவது பக்கத்தில் வந்து நின்றாலே எனக்கு நெஞ்சு அடைக்கும். கடையில் பின்னால் நிற்பவரின் மூச்சு கழுத்தில் பட்டால், வாங்க வந்ததை விட்டுவிட்டு வெளியேறிவிடுவேன். தங்கை ஆசையாகக் கட்டிப்பிடிக்க வந்தபோதுகூட என்னையறியாமல் ஒதுங்கிவிட்டேன். அவள் முகம் சுருங்கிப்போனது.

அன்று காலை பெட்டியில் நல்ல கூட்டம். புத்தூரில் இன்னும் ஒரு கும்பல் ஏறியது. கை முறிவுக்கு அங்கே கட்டுப் போட்டுக்கொண்டு வந்த ஓர் அம்மா, வண்டி கிளம்பிய குலுக்கலில் என் தோள்மீது சாய்ந்துவிட்டார். நெருப்பு பட்டதுபோல உதறி விலகினேன்.

"இன்னாம்மா, எனக்கு நோவு ஒண்ணும் இல்ல. கைதான் ஒடஞ்சி போச்சி" என்றார் அவர்.

யாரோ இருமும் சத்தம் வேறு. பெட்டியில் காற்றே இல்லாததுபோல் இருந்தது. அந்த அம்மாவுக்கு அந்தப் பக்கம், திறந்திருந்த கதவோரம் மட்டும்தான் ஆள் இல்லை. அங்கே போய், வெளியே முதுகைக் காட்டி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அங்க ஏம்மா நின்னுக்கினு இருக்கற? உள்ள வா" என்றார் அந்த அம்மா. நான் அங்கேயே நின்றுகொண்டேன்.

ரேணிகுண்டா நெருங்கும்போது, இறங்குவதற்காக ஒருவர் பெரிய பையுடன் என்னை நோக்கி வந்தார். கால் தானாகப் பின்னால் போனது. குதிகாலுக்குக் கீழே தரை இல்லை. வியர்த்திருந்த கை கம்பியிலிருந்து வழுக்கியது. தலை வெளியே சாய்ந்து, காற்று காதில் அறைந்தது. கத்தக்கூடத் தோன்றவில்லை.

"ஐயோ தேவுடா!"

ஒரு கை என் புடவையையும் தோளையும் சேர்த்துக் கொத்தாகப் பிடித்து உள்ளே இழுத்தது. இழுத்த வேகத்தில் அந்த அம்மாவின் முறிந்த கைமீதே போய் விழுந்தேன். வலியில் அலறினார். பிடியை மட்டும் விடவில்லை.

என் முகம் அவர் கழுத்தில் புதைந்திருந்தது. கைக்கட்டின் எண்ணெய் வாசனையும் வியர்வையும் மூக்கில் ஏறின. அவர் கைக்கு வலிக்குமே என்று விலகப் பார்த்தேன்.

"நில்லு, வண்டி நிக்கட்டும்" என்று இன்னும் இறுக்கிக்கொண்டார்.

வண்டி நின்றதும், "கை வலிக்குதாம்மா?" என்று நான் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

"வலிக்காம இன்னா? நீ மொதல்ல தண்ணி குடி" என்றார்.

இன்றும் கூட்டத்தில் யாராவது நெருங்கினால் என் உடம்பு பின்வாங்கத்தான் செய்கிறது. ஆனால், எனக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒருமுறை திரும்பிப் பார்க்காமல் இப்போதெல்லாம் நான் யாரைவிட்டும் விலகுவதில்லை.